வெற்று எடை

முதலில் இறக்கையை உரித்தோம்.
தேர்தல் முடிந்த பதாகைபோல்
துணி நீளநீளமாகக் கிழிந்து வந்தது.
உள்ளே அலுமினிய விலாக்கள்,
கடலுப்புத் தின்ற ஆணித் தலைகள்,
ஒரு காக்கைக் கூடு.
கூட்டில் பாதிக் கம்பி எங்களுடையது.

இரத்மலானை. ஓடுபாதையின் ஓரத்தில் தகரக் கொட்டகை.
மே மாதத்தில் ஸ்பனரைத் தொடவே
ஈரத் துணி வேண்டும்.
விமானத்தில் பாதி என் பெயரில்.
மறுபாதி ஃபர்வீஸ், பஞ்சிகாவத்தையில் பற்றறிக் கடை.
நான் காப்புறுதிக் கணக்காளர்.
நட்டம் எப்படி வரும் என்று
எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெரிய ரயர் இரண்டும் துறைமுகத்தில்
பதினொரு கிழமை கிடந்தன.
என்ன வாகனம், என்றார் சுங்க அதிகாரி.
விமானம்.
விமானத்துக்கு ஏன் இவ்வளவு கொழுத்த ரயர்?
மணல் திட்டில் இறங்க.
எந்த மணல் திட்டில்?

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
என்னிடமும் இல்லை.
காலி வீதியின் புழுதிதான்
நான் அன்றாடம் காணும் மணல்.

புதுத் துணியைத் தைக்க ரேணுகாதேவி வந்தாள்.
ஆடைத் தொழிற்சாலையில் இரவு முறை முடித்து,
கண்ணைக் கசக்கிக்கொண்டு, சொந்த ஊசியோடு.
இரண்டரை அங்குலத்துக்கு ஒரு முடிச்சு.
வேகமாகத்தான் போட்டாள்.
மூன்றாம் நாள் கேட்டாள்:
"அக்கா, இது பிரிஞ்சா?"
"விழுவம்."
ஒன்றும் பேசவில்லை.
கடைசிப் பதினாறு முடிச்சையும் வெட்டி
மறுபடி போட்டாள்.

பிறகு அயன் பெட்டி.
சூட்டைக் கண்ணாடிக் குழாயில் பார்த்துப் பார்த்து
சேலைக்குக்கூட நான் இப்படித் தேய்த்ததில்லை.
சுருக்கம் ஒவ்வொன்றாய் உள்ளே போனது.
சுண்டினால் பதில் சொன்னது துணி.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.
ஃபர்வீஸுக்கு நிறுத்தத் தெரியாது.
நூற்றைம்பது குதிரை போதாது, நூற்றெண்பது.
நீண்ட மடல்கள்.
இறக்கையின் நெற்றியில் நகத்தளவு தகடுகள்,
மெதுவாய்ப் பறக்கையிலும் காற்று வழுக்காதிருக்க.
இரண்டாவது பற்றறி, கேட்கவே வேண்டாம்.
தோல் இருக்கை மட்டும் என் ஆசை.
அதை இங்கே எழுதாமல் விடப் பார்த்தேன்.

தில்ஹானி தராசுகளோடு வந்தாள்.
உரிமம் அவள் கையெழுத்தில்.
ஒவ்வொரு சில்லின் கீழும் ஒன்று,
வாலைத் தூக்கி மேசையில் வைத்து அங்கே ஒன்று.
மின்விசிறியை நிறுத்தச் சொன்னாள்,
காற்றும் எடை காட்டும் என்று.
முன்பு ஐந்நூற்று மூன்று.
இப்போது ஐந்நூற்று எழுபத்திரண்டு.

நான் கூட்டினேன், அதுதானே என் தொழில்.
தாங்கி நிறையப் பெற்றோல், தொண்ணூற்றெட்டு.
ஃபர்வீஸ் எண்பது. நான் அறுபத்திரண்டு.
எல்லைக்கு மேல் பதினெட்டுக் கிலோ.
இரண்டு வருடமும் இரண்டு பேரின் சேமிப்பும் சேர்ந்து
ஓர் ஆள் பறக்கும் விமானம் செய்திருக்கிறோம்.

தில்ஹானி தேநீர் கேட்டாள்.
ஃபர்வீஸ் எழுந்துபோய்
தன் கடைப் பற்றறியைத் தானே கழற்றினார்.
ஏழு.
கம்பளம், பழைய சாம்பல் கிண்ணம், மூன்று.
என்னைப் பார்க்கவில்லை. பார்க்காத விதம் கேட்டது.
தோல் இருக்கை, ஐந்து.
இன்னும் மூன்று.

"அதை நான் பார்த்துக்கொள்றன்" என்றார்,
வயிற்றைத் தட்டியபடி.
ஆறு கிழமை மத்தியானச் சாப்பாடு
வெள்ளரிக்காயும் கோபமும்.

ஆடியில் ஒரு காலை, மழை விட்ட நேரம்.
முன்னே நான், பின்னே அவர்.
வால் முதலில் எழுந்தது,
பிறகு எப்போது என்று தெரியாமல் மற்றதும்.
பொல்கொடை ஏரி நாங்கள் நினைத்ததைவிடப் பழுப்பு.
ஃபர்வீஸ் ஏதோ கத்தினார்.
நூற்றெண்பது குதிரைக்குள் கேட்கவில்லை.

இருபது நிமிடத்தில் திரும்பி
ஓடுபாதையை விட்டுப் பக்கத்துப் புல்லில் இறக்கினேன்.
மணல் இல்லை, மாட்டுச் சாணம்.
கொழுத்த ரயர் அதில் சத்தமே இல்லாமல் உருண்டது.
கோபுரத்திலிருந்து திட்டு வந்தது.

இயந்திரம் அடங்கியதும்
"எவ்வளவு பெற்றோல் எரிஞ்சது?" என்றார்.
"ஏழு கிலோ."
கொஞ்ச நேரம் யோசித்தார்.
"அப்ப நான் கொத்து சாப்பிடலாம்."